அரிவாள் செல் நோயுள்ள குழந்தைக்கு மீன் எண்ணெய் மாத்திரை கொடுக்கலாமா?

கூடலூர்த் தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது, எடை 18 கிலோ. ஒன்றரை வயதில் அவளுடைய கைகளும் பாதங்களும் வீங்கி, தொட்டாலே அழும் நிலை வந்தபோதுதான் இரத்தப் பரிசோதனை செய்தோம். இது அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய் என்று அப்போது தெரியவந்தது. மூன்று ஆண்டுகளாக, வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தும் ஃபோலிக் அமிலமும் எடுத்துவருகிறாள். முன்பைவிட இப்போது எவ்வளவோ பரவாயில்லை என்றாலும், எங்கள் நீலகிரி மலையில் ஜூன் மாத மழை தொடங்கிவிட்டால் எனக்கு இரவில் உறக்கம் பிடிப்பதில்லை. சென்ற ஆண்டு மட்டும் மூன்று முறை வலி வந்து, அதில் ஒருமுறை நான்கு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம்.

கடந்த வாரம் மருந்துக் கடையில் ஒருவர், மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்தால் இந்த வலி வராது என்றும், "அந்தப் புற்றுநோய் மாத்திரையை" (ஹைட்ராக்ஸியூரியாவைத்தான் அப்படிச் சொன்னார்) மெல்ல நிறுத்திவிடலாம் என்றும் சொல்லி ஒரு புட்டியைக் கையில் கொடுத்தார். மருத்துவரிடம் கேட்டபோது, எனக்குப் பின்னால் வரிசையில் ஐம்பது பேர் நின்றிருந்ததாலோ என்னவோ, "கொடுத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். கெடுதல் இல்லை என்பது வேறு, நன்மை உண்டு என்பது வேறு அல்லவா? இதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருந்தியல் ஆசிரியர்:

வணக்கம் அம்மா. முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: ஹைட்ராக்ஸியூரியாவை நிறுத்தாதீர்கள். மீன் எண்ணெய் பற்றி நாம் இங்கே என்ன பேசினாலும், அது அந்த மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதைப் பற்றிய பேச்சாகவே இருக்கட்டும்.

ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கடைக்காரர் சொன்ன அளவுக்கு இல்லை. ஆனால் வெறும் கட்டுக்கதையும் அல்ல. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலைன் அமர்ந்துவிடுவதுதான் இந்த நோயின் மூலம் என்பதை அறிவீர்கள். ஆக்சிஜனை இழந்தவுடன் அந்த ஹீமோகுளோபின் நீண்ட இழைகளாகக் கோத்துக்கொண்டு சிவப்பணுவை அரிவாள் வடிவுக்கு வளைக்கிறது. ஆனால் வலிக்குக் காரணம் வளைவு மட்டும் அல்ல. திரும்பத் திரும்ப வளைந்து நிமிர்ந்த அணுவின் மேற்சவ்வு சிதைந்து ஒட்டும் தன்மை பெறுகிறது. அது இரத்தக்குழாயின் உட்சுவரிலும் வெள்ளணுக்களிலும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே அழற்சி தொடங்கி, குழாய் அடைபடுகிறது. இந்நோயாளிகளின் சிவப்பணுச் சவ்வை ஆராய்ந்தவர்கள், அதில் மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏ, இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் குறைந்தும், அழற்சிக்குத் துணைபோகும் அராக்கிடோனிக் அமிலம் மிகுந்தும் இருப்பதைக் கண்டார்கள். குறைந்திருப்பதை ஈடுசெய்தால் ஒட்டுவதும் அழற்சியும் தணியுமா என்ற கேள்வியிலிருந்துதான் மீன் எண்ணெய் ஆய்வுகள் பிறந்தன.

2001இல் அமெரிக்காவில் பத்துப் பேரை மட்டும் வைத்து ஒரு சிறிய ஆய்வு நடந்தது. பெரிய ஆய்வு சூடானில் நடந்தது. அகமது டாக் என்பவரும் உடன் பணியாற்றியோரும் 2013இல் அதை வெளியிட்டார்கள். இரண்டு வயது முதல் இருபத்து நான்கு வயது வரையிலான 140 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஒமேகா-3 மாத்திரையும் மற்றவர்களுக்கு ஒலிக் அமிலம் மிகுந்த வேறொரு எண்ணெயும் ஓராண்டுக் காலம் கொடுத்தார்கள். ஆண்டுக்கு எத்தனை முறை வலித்தாக்கு வந்தது என்பதன் இடைநிலை மதிப்பு ஒமேகா-3 பிரிவில் 0, மற்றதில் 1. கடுமையான சோகை ஏற்பட்டவர்கள் 3.2 சதவீதம், மற்றதில் 16.4 சதவீதம். இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 4.5 சதவீதம், மற்றதில் 16.4 சதவீதம். நோயினால் பள்ளிக்குச் செல்ல இயலாமற்போவதும் குறைந்தது.

வலியறிந்தவன்:

அக்கா, நானும் இதே நோயோடு பிறந்தவன். இப்போது எனக்கு இருபத்தேழு வயது. "புற்றுநோய் மாத்திரை" என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து என் பெற்றோர் எனக்குப் பத்து ஆண்டுகள் ஹைட்ராக்ஸியூரியா கொடுக்காமல் இருந்தார்கள். இன்று என் வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, நான் சாய்ந்து நடக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது, அவர்களுக்குச் சொன்னவர்கள் அப்படிச் சொன்னார்கள். அந்தக் கடைக்காரரின் பேச்சில் பாதியை மட்டும் கேளுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்கர்:

ஆசிரியர் ஐயா சொன்ன எண்கள் சரியானவையே. ஆனால் அவற்றைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும் என்று நினைக்கிறேன். புள்ளியியலில் பிழைப்பு நடத்துபவன் என்பதால் இந்தக் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடைநிலை மதிப்பு 0 என்றால் யாருக்கும் வலி வரவில்லை என்று பொருள் அல்ல. குறைந்தது பாதிப் பேருக்கு அந்த ஓராண்டில் வரவில்லை என்பதே பொருள். 140 பேரில் முடிவுவரை தொடரப்பட்டவர்கள் 128 பேர். 3.2 சதவீதமும் 16.4 சதவீதமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகத் தெரியும். தலைகளாக எண்ணினால் ஒரு பக்கத்தில் இரண்டு பேர், மறுபக்கத்தில் பத்துப் பேர் போல வரும். அது பொய் என்று நான் சொல்லவில்லை, நான்கைந்து குழந்தைகளுக்கு வேறு விதமாக நடந்திருந்தால் கதையே மாறியிருக்கும் என்கிறேன். மேலும், அது ஒரே மையத்தில் நடந்த ஆய்வு.

2018இல் அமெரிக்காவில் 67 குழந்தைகளிடம் நடந்த இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையிலான குழந்தைகளுக்கு, டிஎச்ஏ மிகுந்த தனித் தயாரிப்பு ஒன்றை எட்டு வாரங்கள் கொடுத்தார்கள்; ஹைட்ராக்ஸியூரியா எடுத்துவந்த குழந்தைகளும் அதில் இருந்தார்கள், ஆகவே உங்கள் மகளின் நிலைக்கு இது நெருக்கமானது. சவ்வில் ஒமேகா-3 இரு மடங்குக்கும் மேலானது. குழந்தைகள் தினமும் பதிந்த குறிப்பேட்டின்படி வலியும், வலிமாத்திரையும், பள்ளி விடுப்பும் குறைந்தன. ஆனால் மருத்துவமனை அளவில் பதிவான வலித்தாக்குகள் பாதியளவுக்குக் குறைந்ததாகத் தோன்றினாலும், அந்தக் குறைவு தற்செயலாக இருக்கலாம் என்ற ஐயத்தை முழுதும் விலக்கும் எல்லையை எட்டவில்லை. எட்டு வாரம் மிகவும் குறுகிய காலம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹைட்ராக்ஸியூரியாவின் பின்னால் இருப்பது வேறு தரம். 1995இல் 299 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் ஆண்டு வலித்தாக்குகளின் இடைநிலை மருந்து எடுத்தவர்களிடம் 2.5, எடுக்காதவர்களிடம் 4.5. 2019இல் அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா ஆகிய நான்கு நாடுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வலியோடு மலேரியாவும், பிற தொற்றுகளும், இறப்பும்கூடக் குறைந்தன. மீன் எண்ணெய் உயிரிழப்பைக் குறைத்தது என்று காட்டிய ஆய்வு எதுவும் இல்லை.

கூடலூர்த் தாய்:

இருவருக்கும் நன்றி. ஹைட்ராக்ஸியூரியாவை நிறுத்தப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தம்பி, உங்கள் பதிவை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன்.

ஆனால் அந்தப் புட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. முகப்பில் பெரிய எழுத்தில் "1000 மி.கி. மீன் எண்ணெய்" என்று இருக்கிறது. சூடானில் எத்தனை மி.கி. கொடுத்தார்கள்? ஒரு மாத்திரை போதுமா?

மருந்தியல் ஆசிரியர்:

அம்மா, நல்ல கேள்வி. பெரும்பாலானவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முகப்பில் இருக்கும் 1000 என்பது எண்ணெயின் எடை. மருந்தாகப் பயன்படுவது அதற்குள் இருக்கும் டிஎச்ஏவும் இபிஏவும் மட்டுமே. புட்டியைத் திருப்பிப் பின்புறத்துச் சிறிய எழுத்தைப் பாருங்கள். சாதாரண வகையானால் இபிஏ 180 மி.கி., டிஎச்ஏ 120 மி.கி. என்று இருக்கும். ஆயிரத்தில் முந்நூறுதான் நமக்கு வேண்டியது. மீதி எழுநூறு வெறும் கொழுப்பு.

சூடானில் கொடுத்த மாத்திரை ஒன்றில் டிஎச்ஏ 277.8 மி.கி., இபிஏ 39 மி.கி. இருந்தது. விகிதம் அப்படியே தலைகீழ் என்பதைக் கவனியுங்கள்: கடை மாத்திரையில் இபிஏ மிகுதி, ஆய்வு மாத்திரையில் டிஎச்ஏ ஏழு மடங்கு மிகுதி. இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு ஒன்று, ஐந்து முதல் பத்து வயதுக்கு இரண்டு, பதினொன்று முதல் பதினாறு வரை மூன்று, அதற்கு மேல் நான்கு என்று கொடுத்தார்கள். உங்கள் மகளின் வயதுக்கு இரண்டு என்றால், டிஎச்ஏவும் இபிஏவும் சேர்ந்து ஏறத்தாழ 634 மி.கி. அமெரிக்க ஆய்வில் எடைக்கேற்பக் கணக்கிட்டார்கள்; அதன் நடு அளவு கிலோவுக்கு 36 மி.கி. 18 கிலோவுக்கு அது 648 மி.கி. ஆகிறது. இரு வேறு நாடுகளில், இரு வேறு வழிகளில் தேர்ந்த அளவுகள் உங்கள் மகளைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

சரி, கடை மாத்திரை இரண்டு கொடுத்தால் 600 மி.கி. வந்துவிடுகிறதே என்று நினைப்பீர்கள். மொத்தம் வந்துவிடுகிறது, ஆனால் அதில் டிஎச்ஏ 240 மட்டுமே, ஆய்வில் இருந்ததோ 556. டிஎச்ஏவை மட்டும் எட்டிப்பிடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு நான்கைந்து மாத்திரைகள் வேண்டும். அப்போது இபிஏ 800 மி.கி.யைத் தாண்டும், 60 மாத்திரைப் புட்டி இரண்டு வாரங்கூட வராது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் மீன்நாற்ற ஏப்பமும் வரும். ஆகவே வாங்குவதென்றால் டிஎச்ஏ மிகுந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். கடல் நுண்பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏவும் கிடைக்கிறது. சைவ உணவுக்காரர்களுக்கு அதுதான் வழி.

இன்னொன்று. நம் ஊரில் "மீன் எண்ணெய் மாத்திரை" என்று கேட்டால், பல கடைகளில் எடுத்துக் கொடுப்பது மீன் ஈரல் எண்ணெய். மஞ்சள் நிறத்தில் சிறியதாக இருக்கும், நாமெல்லாம் சிறுவயதில் விழுங்கியதுதான். அதில் வைட்டமின் ஏ, வைட்டமின் டி இரண்டும் இருக்கும். ஒமேகா-3 அளவுக்காக அதை நான்கும் ஐந்துமாகக் கொடுத்தால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி நஞ்சாகும். உங்கள் புட்டியில் "ஈரல்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சைவ வீட்டார்:

இடையில் ஒரு சிறு கேள்வி. ஆளி விதையில் ஒமேகா-3 மிகுதி என்கிறார்களே, அதை அரைத்து இட்லிப்பொடியில் சேர்த்தால் போதாதா?

கணக்கர்:

போதாது. ஆளி விதையில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். உடல் அதை டிஎச்ஏவாக மாற்றும் அளவு மிகச் சொற்பம். இட்லிப்பொடி சுவையாக இருக்கும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

கடற்கரையான்:

மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்துக்கு மத்தி வாங்கலாமே என்று கேட்க வந்தேன். கூடலூருக்குக் கேரளக் கரையிலிருந்து மத்தியும் அயிலையும் வண்டியில் வருகின்றன. நாங்கள் சாளை என்று சொல்லும் அந்த மத்தியில் எண்ணெய் ஏறும் பருவத்தில், சட்டியில் தனியாக எண்ணெய் ஊற்றவே வேண்டாம். குழம்பாக வைத்தால் இறங்கும் எண்ணெய் குழம்பிலேயே நிற்கும்; ஆழப் பொரித்தால் கடாயோடு போகும். வாரத்துக்கு மூன்று நாள் குழந்தைக்கு இரண்டிரண்டு மீன் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

மருந்தியல் ஆசிரியர்:

ஒன்றும் குறையாது, நிச்சயம் கொடுக்கலாம். இந்நோயுள்ள குழந்தைகளின் சிவப்பணுக்கள் நூற்றிருபது நாட்களுக்குப் பதிலாகப் பத்து முதல் இருபது நாட்களிலேயே அழிவதால், உடல் ஓயாமல் புதிய அணுக்களை உற்பத்தி செய்ய வேண்டியிருக்கிறது; புரதமும் ஆற்றலும் மற்றக் குழந்தைகளைவிட அவர்களுக்குக் கூடுதலாகத் தேவை. மாத்திரையில் கிடைக்காத அந்தப் புரதம் மீனில் இருக்கிறது. மீனின் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால் மி.கி. கணக்கு மட்டும் கைக்கு வராது.

கணக்கர்:

இதிலிருந்து எனக்கு இன்னொரு ஐயம் எழுகிறது. ஏற்கெனவே வாரம் இருமுறை மத்தி சாப்பிடும் குழந்தையின் சவ்வில் டிஎச்ஏ அவ்வளவு குறைந்திருக்குமா? குறையே இல்லாதபோது மாத்திரையின் பயனும் குறையும் அல்லவா? அதோடு, இந்தியாவில் பரவலாக உள்ள மரபணு வகையில், சிவப்பணு வளைவதைத் தடுக்கும் கருக்கால ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது உருவாகும் வகை) ஆப்பிரிக்க வகைகளைவிட மிகுதி. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் கண்ட பலனை அப்படியே நீலகிரிக்குப் பெயர்த்து எழுத முடியாது. வெளிப்படையாகச் சொன்னால், நானாக இருந்தால் அந்தப் பணத்தை மீனுக்கும் கம்பளிக்கும் செலவழிப்பேன்.

மருந்தியல் ஆசிரியர்:

உங்கள் ஐயம் நியாயமானது, முடிவில்தான் வேறுபடுகிறேன். ஆண்டுக்கு மூன்று வலித்தாக்கு என்பது ஏழு வயதுக் குழந்தைக்குச் சிறிய சுமை அல்ல. இழப்பு சிறிதாகவும், வரக்கூடிய பயன் ஓரளவு நம்பத்தக்கதாகவும் இருக்கும்போது, மருத்துவருக்குத் தெரியப்படுத்திவிட்டு ஓராண்டு முயன்று பார்ப்பதில் தவறில்லை. ஓராண்டு என்று வேண்டுமென்றே சொல்கிறேன். இந்த நோயில் வலி அலைபோல வந்து போகும். இரண்டு மாதம் வலி வராவிட்டால் மாத்திரையைப் புகழ்வதும், ஒருமுறை வந்துவிட்டால் குப்பையில் எறிவதும் மனித இயல்பு. தேதி, வலி நீடித்த நாட்கள், கொடுத்த வலிமருந்து, பள்ளிக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். சென்ற ஆண்டின் மூன்றோடு ஒப்பிடலாம். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்கலோ வந்தால் இந்த மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒட்டும் திறனை இது சற்றுத் தளர்த்தக்கூடும்.

மலைக் கிராமச் செவிலி:

இந்த உரையாடல் முழுவதையும் படித்தேன். பதினெட்டு ஆண்டுகளாக இந்த மலைகளில் வீடு வீடாக நடப்பவள் என்ற முறையில் சில சொற்கள்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானது 1952இல், நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் அதைக் கண்டெழுதினார்கள். ஒன்றிய அரசின் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்றுதான் தொடங்கியது. 17 மாநிலங்களில் 40 வயதுக்குட்பட்ட ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. இடையில் கழிந்த எழுபது ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் "சோகை" என்ற ஒற்றைச் சொல்லோடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு.

அம்மா, மாத்திரை கொடுங்கள் அல்லது கொடுக்காமல் இருங்கள். பின்வருபவற்றை மட்டும் அது மறக்கடித்துவிடக் கூடாது. காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். இக்குழந்தைகளின் மண்ணீரல் சரியாக வேலை செய்யாததால் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு உலைவைக்கும். வயிற்றின் இடப்பக்கம் திடீரென்று வீங்கி முகம் வெளுத்தாலும் அப்படியே. ஹைட்ராக்ஸியூரியா எடுக்கும் குழந்தைக்கு இரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பள்ளியில் தண்ணீர்ப் புட்டியும், கழிப்பறைக்குப் போக ஆசிரியரின் அனுமதியும் வேண்டும். இரண்டாவது இல்லாததால் முதலாவதைத் தொடாத குழந்தைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன் ஒன்று இருக்கிறது. இரண்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள். பக்கவாதம் வரக்கூடிய குழந்தையை முன்பே கண்டறிய அதுதான் வழி. மீன் எண்ணெய் அந்த இடத்தை நிரப்பாது. இதுவரை எடுக்கவில்லையென்றால், அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் அதைக் கேளுங்கள், மாத்திரையைப் பிறகு கேட்கலாம்.

வலியறிந்தவன்:

செவிலி அக்கா சொன்ன கழிப்பறை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் ஐந்தாம் வகுப்புவரை பள்ளியில் தண்ணீரே குடித்ததில்லை.

கூடலூர்த் தாய்:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். புட்டியின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஆசிரியர் ஐயா சொன்னதுபோலவே அது மீன் ஈரல் எண்ணெய்தான். முகப்பின் 1000 என்ற எண்ணைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஒரு சொல் படவில்லை. மூடியைத் திறந்துவிட்டதால் கடையில் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

இந்த முறை நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். எழுதிக்கொண்டு போனதைப் பார்த்ததாலோ என்னவோ, நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஸ்கேன் இதுவரை எடுக்கவில்லை என்று தெரிந்ததும், கோயம்புத்தூரில் எடுக்கக் கடிதம் தந்தார். வரும் செவ்வாய்க்கிழமை போகிறோம். டிஎச்ஏ மிகுந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இரத்தப் பரிசோதனையோடு இதன் போக்கையும் பார்ப்பதாகவும் சொன்னார். மகளால் முழுசாக விழுங்க முடியவில்லை. ஊசியால் குத்தி, கஞ்சியில் பிழிந்து கொடுத்தேன். முதல் நாள் துப்பினாள், இரண்டாம் நாள் மத்திக் குழம்பில் கலந்தேன், வேறுபாடு தெரியாமல் சாப்பிட்டுவிட்டாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதியிருக்கிறேன். வகுப்பு ஆசிரியைக்குக் கழிப்பறை பற்றி ஒரு கடிதமும் எழுத வேண்டும். அதை எப்படி எழுதலாம் என்று செவிலி அக்கா ஒரு மாதிரி தந்தால் உதவியாக இருக்கும்.